காகம் விட்டுவைத்தது

அத்தியாயம் 4

நோயாளிகளை எனக்குப் பிடிக்காது. நோயாளிக்குத் துணையாக வருகிறவர்களை அதைவிடப் பிடிக்காது. கிளிநொச்சியில் அந்த இதய வைத்தியரின் அறைக்கு வெளியே இரண்டு வகையும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. என் இடப்பக்கத்தில் இருந்தவர் காறிக் காறிப் பூச்சட்டிக்குள் துப்பிக்கொண்டிருந்தார். வலப்பக்கத்து அம்மா தன் வயிற்றுப்போக்கின் வரலாற்றைக் கைபேசியில் யாருக்கோ ஒன்றும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூச்சை அடக்கியபடி விமலேஸ்வரி அக்காவைப் பார்த்தேன்.

அக்கா அசையவில்லை. ஒரு காப்புறுதிக் கம்பனிக்காகப் பொய் நோயாளிகளையும் நிஜப் பிணங்களையும் பார்த்துப் பார்த்து மரத்துப்போனவர் அவர். அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது வவுனியா நெளுக்குளத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். நான் நிருஷன். அவருடைய உதவியாளன், சாரதி, அவர் சொல்வதுபோல் 'வாய்'.

"அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் இதுக்குள்ளை இருந்தா எனக்கும் ஒரு ஸ்டென்ட் வைக்க வேண்டி வரும்."

"உனக்கு நெஞ்சிலை இல்லை, வாயிலைதான் ஏதும் வைக்கவேணும். எங்கை, கேஸைச் சொல்லு பாப்பம். விளங்கியிருக்கோ எண்டு பாக்கிறன்."

சொன்னேன். கண்டாவளையில் வயல் செய்கிற அப்புத்துரைக்குப் போன வருடம் இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பை விரித்து, விரித்தபடியே பிடித்து வைத்திருக்கிற சின்னக் கம்பிவலைக் குழாய் அது. இப்போது அதே இடம் மறுபடி ஒடுங்கிவிட்டது. அவருக்கு வேண்டிய குளிசைகள் எல்லாவற்றையும் கொடுத்தவன் சுமன், கிளிநொச்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறவன். அப்புத்துரையின் ஒரே மகள் தேனுகாவைக் கட்டப்போகிறவனும் அவன்தான். போலிக் குளிசை தந்து சுமன் தன்னைக் கொல்லப் பார்த்தான் என்று அப்புத்துரை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கடை முதலாளி சுமனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை அப்புத்துரை பொலிசுக்குப் போகிறார். குளிசையைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தால் முடிவு வர எத்தனை மாதமோ, அதற்குள் சுமன் உள்ளே போய்விடுவான்.

எங்களை அழைத்தது தேனுகா. "சுமன்ரை குளிசைதான் காரணமெண்டா அப்பாவோடை நானும் பொலிசுக்குப் போவன். இல்லையெண்டா அதையும் எனக்கு நேரே சொல்லுங்கோ" என்று அழாமல் சொன்ன பெண் அவள்.

உள்ளே கூப்பிட்டார்கள். வைத்தியர் லக்சிகா இளவயதுக்காரி. தேனுகா ஏற்கெனவே தொலைபேசியில் சம்மதம் சொல்லியிருந்ததால் ஒளிக்காமல் கதைத்தார்.

"ஸ்டென்ட் வளையேல்லை, உடையேல்லை. அதுக்குள்ளாலை சதை வளர்ந்து வழியை ஒடுக்கிப்போட்டுது."

"இரத்தம் உறையாமலிருக்கக் குடுக்கிற குளிசை போலியெண்டா இப்பிடி வருமோ, டொக்டர்?" என்று அக்கா கேட்டார்.

"அது போலியெண்டா பெரும்பாலும் திடீரெண்டு இரத்தம் கட்டி அடைக்கும். ஆள் தப்பிறதே பெரும்பாடு. இது அப்பிடியில்லை. மெல்ல மெல்ல, மாசக்கணக்கா நடந்த வேலை."

"அப்ப செய்தது ஆர்?"

வைத்தியர் சிரித்தார். "சந்தேக ஆக்கள் கனபேர். குழாய் ஒடுக்கமா இருக்கிறது, அடைப்பு நீளமா இருந்தது, ஸ்டென்ட் சரியா விரியாதது, சுருட்டுப் பத்திறது. எல்லாருக்கும் முன்னாலை நிக்கிறது சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. சீனி கட்டுப்பாட்டிலை இல்லாதவைக்குத்தான் திரும்ப ஒடுங்கிறது கூட. இவருக்கும் சீனி இருக்கு. ஆனா ஒவ்வொரு கிளினிக்கிலையும் வெறுவயித்துச் சீனி நல்லாத்தான் இருந்திருக்கு. அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

"எனக்கு விளங்குது" என்றேன். "என்ரை அம்மாவும் கிளினிக்குக்கு முதல் மூண்டு நாள் பாவக்காயும் குரக்கன் பிட்டும்தான். கிளினிக் முடிஞ்சு வாற வழியிலையே லட்டு. அவாவுக்குச் சீனியும் இல்லை, டொக்டரிட்டை ஏச்சும் இல்லை."

வைத்தியர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஆஸ்பத்திரியிலை எடுத்த இரத்தத்திலை மூண்டு மாசச் சராசரிச் சீனியும் பாக்கச் சொல்லியிருக்கிறன். அதிலை மூண்டு நாள் விரதம் செல்லாது. ரிப்போட் வந்த உடனை எடுக்கிறன்."

கண்டாவளைக்குப் போகப் பரந்தனில் திரும்பிக் கொஞ்சத் தூரம் போவதற்குள் அக்காவின் கைபேசி அடித்தது. கேட்டுவிட்டு வைத்தார்.

"மூண்டு மாசச் சீனி எக்கச்சக்கம். மனுசன்ரை இரத்தத்திலை பாயசமே வைக்கலாமாம்."

"அக்கா, அப்ப சுமன் துலைஞ்சான். சீனிக் குளிசையும் அவன் குடுத்ததுதானே? அதுதான் போலி."

"அப்பிடித்தான் பொலிசும் சொல்லும்" என்றார் அக்கா. பிறகு கைபேசியில் யாருக்கோ குறுஞ்செய்தி தட்டத் தொடங்கினார்.

அப்புத்துரையின் வீடு மதகுக்கு அப்பால் இருந்தது. கல்வீடு, பின்பக்கம் தகரக் கூரை போட்ட குசினி. முன்விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் நெற்றி நிறைய விபூதியோடு மனிதர் சரிந்திருந்தார்.

"வாங்கோ, இருங்கோ. பிள்ளை, வந்தவைக்குத் தேத்தண்ணி போடு." பிறகு என்னை மேலும் கீழும் அளந்தார். "தம்பி எந்தப் பக்கம்? அப்பா எந்த ஊர்? கோயில் எது?"

இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று வன்னியில் எல்லோருக்கும் தெரியும். முகவரி கேட்கிற சாட்டில் சாதியைத் துழாவுகிற இந்தக் கேள்விகளைக் கேட்டாலே எனக்கு ஓங்காளம் வரும்.

"நான் டயர் கடைக்கு மேலை, ஐயா. கோயிலும் அதிலைதான்."

அவருக்குப் பிடிக்கவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினார். "எங்கட ஆக்கள் தீவுப்பகுதி. குடியேற்றத் திட்டத்திலை காணி கிடைச்சு, அப்பா காலத்திலை இஞ்சை வந்தது. அவன் ஆர்? அவன்ரை தேப்பன் மாயாண்டி என்ரை வயலிலை வரம்பு கட்டினவன். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டக்காட்டிலையிருந்து வந்த கூட்டம். அவன் என்ரை வீட்டிலை சம்மந்தம் செய்யப் போறானாம். நான் விடமாட்டனெண்டு தெரிஞ்சு குளிசையாலை முடிக்கப் பாத்திருக்கிறான்."

தேத்தண்ணியோடு வந்த தேனுகா கதவடியில் நின்றுவிட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய முகம்.

"கலியாண எழுத்துக்கு நாள் வைச்சியளோ?" என்று அக்கா அவளிடம் கேட்டார்.

"மூண்டு தரம் பதிவாளரைக் கேட்டு நாள் வைச்சம். மூண்டு தரமும் கிட்ட வர அப்பா மயங்கி விழுந்திட்டார். கடைசித் தரம் நெஞ்சு நோவெண்டு யாழ்ப்பாணம் கொண்டுபோகத்தான் இந்த ஒடுக்கம் தெரிஞ்சது."

"குளிசை எல்லாம் ஒழுங்காப் போடுறவரோ?"

"நான்தான் எடுத்துக் குடுக்கிறனான். என்ரை கண்ணுக்கு முன்னாலை வாயிலை போட்டுத் தண்ணி குடிப்பார். அதிலை பிழையில்லை, அக்கா. அதாலைதான் எனக்குப் பயமாயிருக்கு."

அவளுடைய பயம் விளங்கியது. அப்பா குளிசையை ஒழுங்காகப் போட்டிருந்தால், பிழை குளிசையில்தான். குளிசை சுமனுடையது.

சாப்பாட்டு நேரமாகிவிட்டது. தேனுகா சோறும் பருப்பும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் குளிசைகள். ரோஸ் நிறத்தில் ஒரு பொடிக் குளிசை, இன்னொரு பொடிக் குளிசை, பிறகு விரல் நுனியளவு தடித்த வெள்ளைக் குளிசை. அப்புத்துரை எங்களைப் பார்த்தபடியே மூன்றையும் வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். பிறகு சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு எழும்பிப் பின்பக்கம் போனார்.

"காகத்துக்கு" என்றாள் தேனுகா. "அம்மா செத்த நாளிலையிருந்து காகத்துக்கு வைக்காமல் அப்பா வாயிலை சோறு வைக்கமாட்டார். அம்மா காகமா வந்து சாப்பிடுறா எண்டு சொல்லுவார்."

அக்கா எழும்பி அவருக்குப் பின்னால் போனார். நானும் போனேன். அப்புத்துரை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோற்றை உருட்டினார், ஒரு கையால் வாயைத் துடைத்தார், உருண்டையைக் குசினித் தகரத்தின் மேல் வைத்தார், "கா, கா" என்று கூப்பிட்டார். காகங்கள் வந்தன. சோற்றைக் கொத்தின. ஒன்று எதையோ அலகில் தூக்கித் தலையை உதறிக் கீழே போட்டது. தகரச் சரிவில் அது உருண்டு வந்து, கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடுகிற பீலிக்குள் 'டக்' என்று விழுந்தது.

சோறு விழுந்தால் 'டக்' என்று சத்தம் வராது. அக்கா என்னைப் பார்த்தார். நான் அதற்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். பீலியின் பக்கமிருந்து அழுகிய மீன் நாற்றம் அடித்தது.

"ஐயா, வீட்டிலை இண்டைக்கு மீனோ?" என்றேன்.

"சீ! சனிக்கிழமையிலை என்ன கதை கதைக்கிறீர்? இந்த வீட்டுக்குள்ளை மச்சம் வந்து வருசமாச்சு."

"நிருஷன்" என்றார் அக்கா, "ஏணியை எடு."

நான் இந்த வேலைக்கு வந்தது மூளையைப் பாவிக்கத்தான் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அன்று நான் பாவித்தது வலது கையை. மழை காணாத பீலி அது. காய்ந்த சோறு, காகத்தின் எச்சம், செத்துப்போன ஒரு பல்லி, இவற்றுக்கு நடுவே பனி குடித்து ஊதிப்போன வெள்ளைக் கட்டிகள், ஒன்றல்ல இரண்டல்ல. மீன் நாற்றம் அவற்றிலிருந்துதான் வந்தது. கிள்ளி எடுத்தபோது குடல் வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போனது.

"ஆரைக் கேட்டு என்ரை கூரையிலை ஏறுறான் இவன்?" என்று அப்புத்துரை கீழே நின்று கத்தினார்.

"காகம் என்ன சாப்பிடேல்லையெண்டு பாக்கத்தான், ஐயா" என்றார் அக்கா.

படலைக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சுமன். அக்காதான் வரும் வழியில் அவனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அப்புத்துரைக்குக் கொடுத்த குளிசைகளில் ஒவ்வொன்றும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அவன் படலையைத் தாண்டவில்லை. தேனுகா போய்த் திறந்துவிட்ட பிறகும் முற்றத்தின் ஓரத்திலேயே நின்றான். அந்த வீட்டில் தனக்கு எதுவரை இடம் என்று தெரிந்து வைத்திருந்தான்.

அக்கா என் உள்ளங்கையிலிருந்த கட்டி ஒன்றை அவனிடம் காட்டினார். "இது என்ன?"

சுமன் முகர்ந்தான். "சீனிக் குளிசைங்க." தன் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலைத் திறந்து நீட்டினான். "புதுசுலயும் இந்த மணம் இருக்கும், பாருங்க. பழுதாப் போச்சுன்னு சனங்க திருப்பிக் கொண்டாருவாங்க. அது பழுது இல்ல, அதோட மணமே அதுதான்."

நான் போத்தலை முகர்ந்தேன். அதே கண்றாவி. பிணத்தையும் தின்கிற காகம் இதை வேண்டாமென்று உதறியதில் நியாயம் இருந்தது.

"கண்டீங்களோ!" என்று அப்புத்துரை பாய்ந்தார். "போலியெண்டு எனக்குச் சந்தேகம் வந்ததாலைதான் துப்பினனான்! அவன்ரை நஞ்சை நான் ஏன் விழுங்கவேணும்?"

கெட்டிக்காரத்தனமான பதில். ஒரு கணம் எனக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டது. தேனுகா சுமனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது, சுமன் தலைகுனிந்துகொண்டான்.

"நல்ல பதில், ஐயா" என்றார் அக்கா. "நிருஷன், பீலிக்குள்ளை ரோஸ் குளிசை எத்தினை கிடந்தது?"

"ஒண்டும் இல்லை, அக்கா. எல்லாம் தடிச்ச வெள்ளை."

"ஏன் ஐயா? ரோஸ் குளிசையும் சுமன் தந்ததுதானே? அது உங்கட இரத்தம் உறையாமல் பாக்கிற குளிசை. நஞ்செண்டா அதையெல்லே முதல் துப்பியிருக்கவேணும்? ஸ்டென்ட் வைச்சு அனுப்பேக்கை, 'இதை நிப்பாட்டினா செத்துப்போவியள்' எண்டு டொக்டர்மார் சொல்லித்தான் விடுறவை. அதாலை அதை ஒரு நாளும் விடேல்லை. சாக உங்களுக்கு விருப்பமில்லை. சுமன்ரை கையாலை வந்த குளிசையை நம்பித்தான் இத்தினை காலமும் உங்கட உயிரை வைச்சிருந்தனீங்கள். இந்த ஊரிலை அவன்ரை குளிசையை உங்களைவிட நம்பினவர் ஒருத்தருமில்லை."

அப்புத்துரை வீட்டுக்குள் போகத் திரும்பினார். அக்கா வழியில் போய் நின்றார்.

"சீனிக் குளிசையை மட்டும் கன்னக் கொடுப்புக்குள்ளை ஒதுக்கிக் காகத்துக்கு வைச்சனீங்கள். சீனி ஏறினா மயக்கம் வரும், ரெண்டு நாள் படுக்கலாம், எழுத்து தள்ளிப்போகும். பிறகு கிளினிக் கிட்ட வர மூண்டு நாள் விரதம் பிடிச்சு நல்ல பிள்ளை. பிழையோ?"

"சீனி ஆருக்கில்லை இந்த ஊரிலை?" அவருடைய குரல் கீறியது. "சீனியாலை ஆர் செத்தது? கொஞ்சம் மயங்கினா இவள் மனம் மாறுவாள் எண்டு பாத்தன். பனங்கட்டியும் கொஞ்சம் கடிச்சன், அவ்வளவுதான். உள்ளை வைச்சது இரும்புக் குழாய். சீனி போய் அதை அடைக்குமெண்டு ஆர் கண்டது?"

"சீனி மட்டும்தான் அடைச்சதெண்டு டொக்டரே சத்தியம் பண்ணமாட்டா" என்றார் அக்கா. "ஆனா அடைச்சது சுமன் இல்லை. அது உங்களுக்கு முதல் நாளே தெரியும். நடிச்ச வருத்தம் நிசமா வந்து நிக்க, பழியை இறக்க ஒரு தலை தேடினனீங்கள்."

தேனுகா மெதுவாகத் தகரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, வாயிலை வைச்சு எடுத்ததையோ அம்மாவுக்கு வைச்சனீங்கள்?"

பொலிஸ், பொய், மூன்று தடவை நின்றுபோன எழுத்து, எதையும் அவள் கேட்கவில்லை. அதைத்தான் கேட்டாள். தினமும் செத்த மனைவியின் பெயரைச் சொல்லி, எச்சில் குளிசையை உருட்டி வைத்திருக்கிறார் அந்த விபூதிக்காரர். எத்தனையோ மோசடிகளை அக்காவோடு பார்த்திருக்கிறேன். பீலிக்குள் கைவிட்டபோது வராத வாந்தி எனக்கு அப்போதுதான் வந்தது. வேலியோரம் போய் எடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அப்புத்துரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் குந்தியிருந்தார். தேனுகா அசையாமல் நின்றாள். "நடிக்கிறார்" என்றாள். "எனக்கு இது பழக்கம்."

"இல்ல தேனு. வேர்வையப் பாரு" என்றான் சுமன். ஓடிப்போய் விறாந்தை மேசையில் இருந்த, நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசைப் போத்தலைத் தூக்கி வந்தான். மண்ணில் முழங்காலிட்டான். அக்கா அதற்குள் அம்புலன்சுக்கு அடித்துக்கொண்டிருந்தார்.

"வாயத் திறங்க ஐயா. நாக்கத் தூக்குங்க."

அப்புத்துரை வாயைத் திறந்தார். கேள்வி இல்லை, யோசனை இல்லை. கொலைகாரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனின் விரலிலிருந்து குளிசையை வாங்கி நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். திங்கட்கிழமைக்கான முறைப்பாடு அந்த இடத்திலேயே செத்துவிட்டது. இதைவிட வேறு சாட்சி எங்களுக்குத் தேவையில்லை.

கொஞ்ச நேரத்தில் மூச்சு இறங்கியது. வாயைச் சப்பினார். "தண்ணி" என்றார்.

சுமன் குசினிக்குள் போய் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அப்புத்துரை கண்ணைத் திறந்து கிளாஸைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

"பிள்ளை, நீ கொண்டுவா" என்றார். "இவன்ரை கையாலை எனக்கு வேண்டாம்."

உயிர் தருகிற குளிசைக்குத் திறந்த வாய், தண்ணீருக்கு மூடிக்கொண்டது. அந்த மனிதரைக் கழுத்தில் பிடித்து அவருடைய பீலிக்குள் தள்ளவேண்டும் போல எனக்கு இருந்தது. வாய் நிறைய வசவு வந்தது. அக்கா என் தோளைப் பிடித்து அமர்த்தினார்.

தேனுகா சுமனின் கையிலிருந்து கிளாஸை வாங்கினாள். அப்பாவுக்கு முன்னால் நேராக நின்று அண்ணாக்காமல், விளிம்பில் வாயை வைத்து, கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

தூரத்தில் அம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

"யாழ்ப்பாணத்துக்கு நான் உங்களோடை வருவன், அப்பா. குழாயைத் திரும்ப விரிக்க வேணுமெண்டா கையெழுத்தும் வைப்பன்" என்றாள். "வெள்ளிக்கிழமை எழுத்து. நீங்கள் மயங்கினாலும் அண்டைக்குத்தான்."